என் குங்குமச் செடியும் வடமதுரைப் பால் களையும்

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனவை. ஏழும் இன்று அவரவர் சம்பாத்தியத்தில் நிற்கின்றன. இதுநாள் வரை எந்தப் பஞ்சாயத்திலும் என் பெயர் அடிபட்டதில்லை. அப்படிப்பட்ட என்னை, வடமதுரைப் பக்கத்து வெங்காயக் காட்டில், களையெடுக்கும் பெண்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "கீரனூர்க்காரி கொண்டாந்த வெனை" என்று சொன்னார்கள். அதை நான் சும்மா விடுவதாக இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கீரனூர் பழனிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர். கடைசி மகள் பூங்கொடியை வடமதுரைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஒரே மாவட்டம்தான். ஆனாலும் பஸ் மாறி மாறிப் போய் இறங்கினால் வேறு தேசத்துக்கு வந்தாற்போல இருக்கும். அங்கே "வாங்க" என்பதையே சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் சொல்வார்கள். நான் "ஏனுங்க" என்று வாயெடுத்தாலோ, 'என்' என்பதற்கு "என்ற" என்றாலோ தெருப் பிள்ளைகள் சிரிக்கும். எங்கள் வீட்டு அரிசியும் பருப்பும் சாதத்தை, "காச்சக்காரனுக்கு ஆக்குற சோறு" என்று சொன்னவர் என் சம்பந்தியம்மா காளியம்மாள். அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். இதை மறக்க மாட்டேன்.

பேரன் பிறந்தபோது பார்க்கப் போன நான், பலகாரத்தோடு ஒரு தொட்டிச் செடியும் கொண்டுபோனேன். எங்கள் வாசலில் நெடுநாளாக இருக்கிற செடி. முழங்கால் உயரம் வளரும். இலை நடுவில் இடுப்பு ஒடுங்கினாற்போல இருக்கும். உச்சி இலைகளின் அடியில் மட்டும் குங்குமத்தைத் தொட்டு வைத்தது போலச் சிவப்பு. பூவென்று நினைத்துப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இலை. அதனால் அதற்குக் குங்குமச் செடி என்று நானே பெயர் வைத்தேன். கிள்ளினால் பால் வரும். பூங்கொடி அதை வாசலில் வைத்து வளர்த்தாள்.

இந்தக் கார்த்திகையில், தையில் நடக்கப்போகும் பேரனின் காதுகுத்தைப் பற்றிப் பேசிவரப் போனேன். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், தாய்வீட்டுச் சீர் வர வேண்டும். அதற்காகத்தான் போனேன். வீட்டில் ஒருவரும் இல்லை. எல்லாரும் காட்டில் என்றார்கள். வெற்றிலை பாக்குப் பையோடு காட்டுக்கே போனேன்.

சம்பந்தியம்மா வரப்பில் நின்றார். கையில் ஒரு பிடி களை, வேரோடு.

"வாங்க. வந்து பாருங்க, ஒங்க சீரு எம்புட்டு வெளஞ்சிருக்குன்னு."

"என்னங்க சம்பந்தி, என்ன ஆச்சுங்க?"

"என்ன ஆச்சா? வெங்காயத்தக் காணோம், ஒங்க செடிதான் நிக்கிது. இந்தப் பக்கம் பிடுங்கிக்கிட்டுப் போனா அந்தப் பக்கம் மொளைக்கிது. நீங்க தொட்டியில கொண்டாந்து வச்சதுக்கு அப்புறம்தான இது இந்தக் காட்டுக்கு வந்துச்சு?"

அந்தக் களையை வாங்கிப் பார்த்தேன். இலையின் சாயல் ஒன்றுதான். பாலும் வருகிறது. ஆனால் உச்சியில் சிவப்பு இல்லை. மோரை ஊற்றினாற்போல வெளிறிய பச்சை.

"இது என்ற செடி இல்லீங்க. என்ற செடிக்கு உச்சி செவந்திருக்கும்."

"தொட்டியில ஒக்காந்து சோறு தின்னா செவப்பாத்தான் இருக்கும். காட்டு வெயில்ல நின்னா வெளுக்காதா? என் மூஞ்சியப் பாருங்க, கல்யாணத்துக்கு முந்தி எப்படி இருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

களையெடுத்தவர்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். மாப்பிள்ளை கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "போன்லயும் பாத்துட்டோம் அத்தை. ரெண்டையும் படம் பிடிச்சுப் போட்டா ரெண்டுக்கும் ஒரே பேருதான் காட்டுது."

போன் சாட்சி சொல்லிவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? சம்பந்தியம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். "கீரனூர்க்காரி கொண்டாந்த வெனை இது. காதுகுத்துக்கு ஒங்க மகன் வரட்டும், மடியில பிள்ளைய வச்சுக்கட்டும். நான் வேணாங்கல. ஆனா ஒங்க வீட்டுச் சீரு எங்க படியேற வேணாம். தட்டுல என்னென்ன ஒட்டிக்கிட்டு வருமோ, யாரு கண்டா?"

சீர் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சீரைத் திருப்பினால் என் மகன் அந்த வாசலில் கால் வைக்க மாட்டான். அவன் வராவிட்டால் பிள்ளையை மடியில் வைக்க ஆள் இல்லை. நாளைக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று அழப்போவது பூங்கொடி. ஒரு களைச் செடிக்காக!

அன்றைக்கு அந்த வீட்டில் நான் கை நனைக்கவில்லை. களியும் கருவாட்டுக் குழம்பும் மணக்க மணக்க வைத்திருந்தார்கள். பையில் இருந்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுப் பூங்கொடியின் அறையில் படுத்தேன். அவள் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினாள். "அம்மா, அவங்க கத்துவாங்க, அப்பறம் மறந்துருவாங்க. நீங்களும் விட்டுருங்க." அவளும் அந்த ஊர்ப் பேச்சுக்குப் பாதி மாறிவிட்டாள்.

விடிந்ததும் வாசலில் குங்குமச் செடியைத் தேடினேன். தொட்டி கவிழ்ந்து கிடந்தது. செடியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்திருந்தார்கள். அதில் ஒரு கிளை, காட்டில் ஒரு கிளை ஒடித்தேன். ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு திண்டுக்கல் புறப்பட்டேன். என் மகன் வேலை பார்க்கும் தோல் மண்டி முதலாளியின் அக்கா மெகருன்னிசா டீச்சர் அங்கே இருக்கிறார். காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். போனைவிடப் பெரிய சாட்சி எனக்கு அவர்தான்.

பஸ்ஸில் சாக்கை மேலே வைத்தேன். ஒடித்த இடத்திலிருந்து பால் சொட்டி, கீழே இருந்த ஒருவரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன ஆத்தா, மேல எருமை கட்டியிருக்கீகளா?"

"கண்ணுல பட்டா எரியுமுங்க, தொடைச்சுக்கோங்க" என்றேன். அவர் தள்ளி உட்கார்ந்தார். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. முந்தின நாள் கோபத்தில் தூங்கவே இல்லை. கண்ணை மூடினேன்.

கண்டக்டர் தோளைத் தட்டினார். "எறங்குங்க ஆத்தா, வத்தலக்குண்டு."

"திண்டுக்கல் வரலீங்களா?"

"அது வந்து போயி எம்புட்டு நேரமாச்சு! அங்க நின்னு தொண்டை கிழியக் கத்துனேன். நீங்க கொறட்டையிலயே பதில் சொன்னீக."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு கிழவியைத் தட்டி எழுப்ப ஒரு பஸ் நிறைய ஆள் இருந்தும் ஒருவருக்கும் கை வரவில்லை. எங்கள் பக்கத்து டவுன் பஸ்ஸாக இருந்தால் பின் சீட்டிலிருந்துகூட ஆள் வந்து எழுப்பியிருக்கும். சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு கிளையும் வெந்த கீரைபோலத் தொங்கின. எது சிவப்பு, எது வெளுப்பு என்று சொல்ல எனக்கே தயக்கமாக இருந்தது. இதை டீச்சரிடம் எப்படிக் காட்டுவது?

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே ஒரு டீ குடித்தேன். தண்ணீர் சப்பென்றிருந்தது. டம்ளரை வைத்துவிட்டு, செடியைச் சபித்தபடி சுற்றுச்சுவர் ஓரமாக நடந்தேன். சாக்கடை வழிகிற இடம். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சுவரோரம் இரண்டும் நிற்கின்றன. பக்கத்தில் பக்கத்தில், இலையோடு இலை உரச. ஒன்றின் உச்சியில் குங்குமம், இன்னொன்றின் உச்சியில் மோர். ஒரே மண், ஒரே சாக்கடைத் தண்ணீர், ஒரே வெயில். அந்த வெயிலில் ஒன்று வெளுக்கவில்லையே! "என் மூஞ்சியப் பாருங்க" என்றாரே சம்பந்தியம்மா, அவரை அந்த நிமிஷமே அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல இருந்தது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஆச்சி, அது கீரை இல்ல! தின்னா வாயி வெந்துபோகும்!"

"திங்கிறதுக்கு இல்லம்மா, ஒருத்தருக்குக் காட்டறதுக்கு."

"சாக்கடைச் செடியவா? யாருக்கு?"

"சம்பந்திக்கு."

அவள் உடனே எழுந்து வந்தாள். பூ சுற்றும் ஈரத்துணியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தாள். சம்பந்தி என்ற ஒரு சொல் போதும் போலிருக்கிறது, எந்த ஊராக இருந்தாலும். இரண்டையும் வேரோடு பிடுங்கிச் சுற்றிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன். இந்தத் தடவை உட்காரவில்லை. இடம் கொடுத்த பையனிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நின்றபடியே வெளியே பார்த்தேன். சாலையோரம், கல்லறைச் சுவர், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் என்று எங்கே பார்த்தாலும் அந்த வெளிறிய உச்சிக்காரி நிற்கிறாள். இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லை. இதையெல்லாம்கூட நான்தான் தொட்டியில் வைத்துக் கொண்டுவந்தேனா?

டீச்சர் வீட்டில் வாசல் திறந்ததும் தாளிச்சாக் குழம்பு மணம் அடித்தது. "வாங்கம்மா, காலையில வருவீங்கன்னு ஒங்க மகன் சொன்னாரு. மொதல்ல சாப்பிடுங்க" என்றார். முந்தின நாளிலிருந்து காய்ந்த வயிறு. சீரகச்சம்பா பிரியாணி, மேலே தாளிச்சா. குழையாமல், எண்ணெய் மிதக்காமல். அந்தப் பக்கத்தில் எனக்கு மரியாதையாகச் சோறு போட்ட வீடு அதுதான்.

சாப்பிட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் சொல்லிச் செடிகளைப் பிரித்தேன். டீச்சர் ஒரு சின்ன லென்சை என் கையில் கொடுத்தார்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க. உச்சியில பச்சை உருண்டை உருண்டையா இருக்குல்ல, ஒவ்வொண்ணுலயும் பக்கவாட்டுல ஒரு குட்டிக் கிண்ணம் ஒட்டியிருக்கும். காட்டுச் செடியில அதோட வாயி எப்படி இருக்கு?"

கண்ணில் நீர் கட்டும்வரை பார்த்தேன். "வட்டமா இருக்குதுங்க. பணியாரக் குழியாட்ட."

"இப்ப ஒங்க செடி."

"இது நசுங்குன மாதிரி இருக்குதுங்க. மூடுன வாயாட்ட, மேல உதடு கீழ உதடு."

"அவ்வளவுதான். வட்டக் கிண்ணம் ஒரு இனம், உதட்டுக் கிண்ணம் வேற இனம். செவப்பு கூடும் கொறையும், அத மட்டும் நம்பக்கூடாது. கிண்ணம் மாறாது."

"அப்பறம் போன் ஏனுங்க ஒரே பேரச் சொல்லுது?"

டீச்சர் சிரித்தார். "படிச்சவங்களே ரொம்ப நாள் ரெண்டையும் ஒண்ணாத்தான் வச்சிருந்தாங்கம்மா. போனை மட்டும் என்ன குத்தம் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்தவர்கள் கலந்து வைத்ததற்குக் கீரனூர்க்காரி பழி சுமக்க வேண்டுமா?

"இன்னொண்ணும் கேளுங்க" என்றார். "ரெண்டுமே நம்ம ஊருச் செடி கிடையாது. அமெரிக்காப் பக்கத்துல இருந்து வந்து இங்க பரவுனது."

"என்ற வாசல்ல அத்தன வருசமா இருக்குதுங்களே!"

"இருந்தா?" முற்றத்துக் கல் இடுக்கைக் காட்டினார். அங்கே அம்மான் பச்சரிசி படர்ந்திருந்தது. சிவந்த தண்டு, எதிரெதிரே சின்ன இலை, கணுவுக்குக் கணு பொடிப் பூக்கொத்து. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற என்று நாங்கள் பருப்பில் போட்டுக் கடைகிற கீரை. "இதுவும் அங்கிருந்து வந்ததுதான். பக்கத்துல தரையோட தரையா ஒட்டிக் கிடக்கே, அந்தச் சின்ன இலைக்காரியும்தான். வேலியில நிக்கிற குச்சி குச்சியான திருகுகள்ளி ஆப்பிரிக்காச் சரக்கு."

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. அம்மான் பச்சரிசியையுமா? ஏழு பிள்ளை வளர்த்த வீட்டில், ஐந்து பேறுகாலத்துக்கும் தின்ற கீரையைக் கப்பலில் வந்தது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? "நம்மூருதுன்னு ஒண்ணுகூட இல்லீங்களா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"சதுரக்கள்ளி நம்மளது. கரட்டுல நாலு பட்டையா நிக்குமே, அது."

சரி, கள்ளியாவது மிஞ்சியது.

கடைசியாக டீச்சர் ஒன்று சொன்னார். உள்ளதை எழுத வேண்டும் என்பதால் அதையும் எழுதுகிறேன். "ஒங்க செடியும் சாது இல்லம்மா. காய் மூணாப் பிளந்து வெடிச்சு வெதை தெறிக்கும். வத்தலக்குண்டுல யாரும் நடாமத்தான அது அங்க நிக்கிது? தொட்டியில இருக்கட்டும், காய் விடறதுக்கு முந்தி கிள்ளிருங்க." எனக்கு முகம் சுருங்கியது. ஆனால் வத்தலக்குண்டுச் சாக்கடையை நானே பார்த்தவள். சரி என்று தலையாட்டினேன். லென்சை இரவல் கொடுத்து அனுப்பினார்.

அன்று மகன் வீட்டில் தங்கி, மறுநாள் வடமதுரைக்குப் போனேன். சம்பந்தியம்மா மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். பூங்கொடி என் முகத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளையைக் கூப்பிட ஓடினாள்.

"கையக் கழுவிட்டு இதப் பாருங்க சம்பந்தி."

"என்னது, பூதக் கண்ணாடியா? எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்."

"தெரிஞ்ச கண்ணுதானுங்க என்னையக் கெடுத்துச்சு. பாருங்க."

பார்த்தார். முதலில் வட்டக் கிண்ணம், பிறகு உதட்டுக் கிண்ணம், திரும்ப வட்டக் கிண்ணம். வத்தலக்குண்டில் ஒரே சுவரோரம் இரண்டும் நின்றதைச் சொன்னேன். வேரோடு பிடுங்கி வந்ததைக் காட்டினேன். அந்தம்மா மூக்கில் லென்சு முட்டுகிற வரை பார்த்தார். மாப்பிள்ளையும் வாங்கிப் பார்த்தார்.

"ஆமாம்மா, வேறதான். போனு தப்புப் பண்ணிருச்சு அத்தை" என்றார்.

"போனா மாப்பிள்ளை காட்டுல நின்னு கத்துச்சு?"

அவர் லென்சைப் பூங்கொடியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

சம்பந்தியம்மா சாணிக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்தார். குரல் ஒரு முழம் இறங்கியிருந்தது. "சரி, வேறதான். சீருக்கு எத்தன தட்டு வரும், எத்தன பேரு வருவீக? பந்திக்குச் சொல்லணும்ல."

பூங்கொடி முகம் மலர்ந்தது. இந்தப் பக்கத்தில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வது இப்படித்தான். மன்னிப்பு என்ற சொல் வராது, பந்திக் கணக்குதான் வரும். எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"இத அன்னிக்கு நின்ன வரப்புல வந்து சொல்லுங்க சம்பந்தி."

"எத?"

"நான் கொண்டாந்த வெனை இல்லேன்னு."

"அட போங்க! அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா? அன்னைக்கே மறந்திருப்பாக."

பூங்கொடி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். மகளுக்காக இறங்கி வந்தேன். சீர் ஏறும், மகன் வருவான், பிள்ளை மடியில் உட்காரும். போதும் என்றுதான் பஸ்ஸுக்கு நடந்தேன். வழியில் அந்த வெங்காயக் காடு.

ஒருத்தி வரப்பிலிருந்து இன்னொருத்தியைப் பார்த்துக் கூவினாள். "ஏடி, அந்தக் கீரனூர்ப் பூண்ட வேரோட பிடுங்கு. மேல மட்டும் கிள்ளாத!"

நின்றேன். "என்னம்மா சொன்னே? என்ன பூண்டு?"

"கீரனூர்ப் பூண்டு அம்மா. இந்தப் பால் களைதான்" என்றாள். என்னை யாரென்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. கத்தரிக்காயைக் கத்தரிக்காய் என்பது போலச் சொன்னாள். பக்கத்துக் காட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

யோசித்துப் பாருங்கள். நான் நாளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். சம்பந்தியம்மாவும் போய்விடுவார். அந்தக் களை போகாது, அதன் பெயரும் போகாது. அமெரிக்காவிலிருந்து வந்த செடி என் ஊர்ப் பெயரைத் தூக்கிக்கொண்டு வடமதுரைக் காடெல்லாம் நிற்கும். கத்தினது பத்துப் பேர் நடுவில், இறங்கினது மாட்டுக் கொட்டகையில், மாடு மட்டும் கேட்க. இது நியாயமா?

அதனால்தான் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டி இதை எழுதினேன். நாளைக்குக் காதுகுத்து. சீர்த் தட்டுகளோடு நாங்கள் வந்து இறங்கிவிட்டோம். பந்தலில் நாற்காலி இறக்குகிறார்கள், மைக்செட் கட்டியாகிவிட்டது. களையெடுக்கிற பெண்கள் எல்லாருக்கும் அழைப்பு உண்டு, விசாரித்துவிட்டேன். மொய் எழுதி முடிந்ததும் என் பேத்தி, பூங்கொடியின் மூத்தவள் தேன்மொழி, இதை மைக்கில் வாசிக்கப் போகிறாள்.

தேனு, இங்கே வா கண்ணு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள், சேதியைத் திருத்தாதே. உன் அப்பத்தாவுக்கு மரியாதைக் குறைவாக எங்கேயாவது எழுதியிருந்தால் சொல், அந்த வரியை மட்டும் மாற்றித் தருகிறேன். உன் அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவாள். அவள் பக்கம் பார்க்காதே. கிண்ணம் வட்டமா உதடா என்கிற இடத்தை மெதுவாக, எல்லாருக்கும் புரிகிற மாதிரி வாசி. கீரனூர்ப் பூண்டு என்று வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்து. அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் மேலே போ.

இப்போது எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு, முதலிலிருந்து.